இம்பர் கிராமத்து வில்லியம்: 1066 வரை ஏறுகிற வம்ச மரத்தை எதுவரை நம்பலாம்?

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 3, இரவு 10.14

மனைவி வீட்டார் ரயில்வே ஆங்கிலோ-இந்தியர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் 1846-ல் சேர்ந்த வில்லியம் ஹிஸ்காக் என்பவரின் பதிவு நகல். வயது 19, தொழில் கூலி வேலை, ஊர் இங்கிலாந்தில் வில்ட்ஷர் மாவட்டத்தில் வார்மின்ஸ்டருக்குப் பக்கத்தில் இம்பர் பேரிஷ், படை முதலாம் மெட்ராஸ் பியூஸிலியர்ஸ்.

இதை ஒரு வம்சாவளித் தளத்தில் போட்டதும் மரம் தயாராக வந்து விழுந்தது. வில்லியம், அப்பா ஜேம்ஸ், தாத்தா ராபர்ட் என்று இம்பருக்குள்ளேயே இருபத்தைந்து தலைமுறை ஏறி, 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த படையோடு நார்மண்டியிலிருந்து வந்த ஒரு குதிரை வீரனிடம் போய் நிற்கிறது. ஏழு பேர் இதே மரத்தை வைத்திருக்கிறார்கள். குலச்சின்னமும் உண்டு. மைத்துனி அதைக் காபிக் கோப்பையில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. எதுவரை நம்பலாம்?

எழும்பூர் எலி | மார்ச் 3, இரவு 10.41

கோப்பையை நம்பலாம். ஒழுகாது.

பேரிஷ் பெட்டி | மார்ச் 4, காலை 6.50

வில்லியம் வரை நம்பலாம். அதற்கு மேல் ஒரு படி கூட இப்போதைக்கு வேண்டாம்.

ஏழு பேர் வைத்திருக்கிறார்கள் என்பது ஏழு சாட்சி ஆகாது. ஒருவர் போட்டதை ஆறு பேர் பொத்தானை அழுத்தி நகலெடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே என்ன ஆவணம் இணைத்திருக்கிறது என்று பாருங்கள். "மற்றொரு மரம்" என்று மட்டும் இருந்தால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

இங்கிலாந்துக் கிராமத்துக் கூலிக் குடும்பத்துக்கு அடித்தளம் 1538. அந்த வருஷம்தான் எட்டாம் ஹென்றி ராஜாவின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும் (பேரிஷ், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொன்னார். ஆரம்பத்தில் பல இடங்களில் உதிரித் தாள்தான். 1598-ல் பழையதையெல்லாம் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, முக்கியமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து என்று உத்தரவில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். பாதிரியார்கள் அதைச் சாக்காக வைத்து 1558-க்கு முந்தியதை விட்டுவிட்டார்கள். அதனால்தான் நிறைய ஊர்களில் ஏடு 1558-ல் தொடங்குகிறது.

1086-ல் அரசு எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் நிலப்பிரபுவின் பெயர் இருக்கும். உழுதவர்கள் எத்தனை பேர், ஏர் எத்தனை என்று எண்ணிக்கை இருக்கும். உழுதவர் பெயர் இருக்காது. சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் பரம்பரையாக நிலைத்ததே அதற்கு இரண்டு, மூன்று நூற்றாண்டு கழித்துத்தான். குலச்சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது.

சமவெளிச் சுப்பர் | மார்ச் 4, மதியம் 1.20

தம்பி, இம்பர் எண்டு தேடினா வரைபடத்தில ராணுவப் பயிற்சி நிலம் எண்டுதான் காட்டும். பயப்பிடாதேங்கோ, ஊர் சரிதான். சலிஸ்பரிச் சமவெளியின்ர நடுவில கிடக்கு. 1943 நவம்பர் 1-ஆம் திகதி பள்ளிக்கூடத்தில ஊராக்களைக் கூப்பிட்டு 47 நாள் தவணை சொன்னவை. டிசம்பர் 17-க்குள்ள எல்லாரும் வெளிக்கிட்டுட்டினம். அமெரிக்கப் படை தெருச்சண்டை பழக வேணும் எண்டு எடுத்த ஊர். போர் முடிஞ்சும் திருப்பிக் குடுக்கேல்ல. செயின்ட் கைல்ஸ் கோயில் மட்டும் இப்பவும் முழுசா நிக்குது.

ஊர் இல்லாட்டியும் ஏடு இருக்கு. சிப்பனமில இருக்கிற வில்ட்ஷர் - ஸ்விண்டன் வரலாற்று மையத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. ஆக்கள் கூடின காலத்திலயே, 1851 சென்சஸில, ஊரில மொத்தம் 440 பேர்தான். சின்ன ஊர். வில்லியத்தைத் தப்பவிட ஏலாது.

பேரிஷ் பெட்டி | மார்ச் 4, இரவு 9.05

சுப்பர் சொன்ன கடைசி வரிதான் ஆபத்து. சின்ன ஊரில்தான் தப்பவிடுவோம். மொத்தமே பத்துக் குடும்பப் பெயர், ஆண்களுக்கு வில்லியம், ஜேம்ஸ், ஜான், தாமஸ், ஜார்ஜ் இந்த ஐந்தை விட்டால் வேறு பெயர் அரிது. ஒரே பெயரில் ஒரே வயதில் மூன்று பேர் இருப்பார்கள். பெயர் கிடைப்பது தேடலில் பாதி வேலை கூட இல்லை. கிடைத்தவர் நம்மவர்தானா, அல்லது சித்தப்பா மகனா என்று பிரிப்பதுதான் வேலை.

ஜங்ஷன், இந்த வரிசையில் போங்கள். முதலில் 1813-க்குப் பிந்திய ஞானஸ்நானப் பதிவு. 1812-ல் வந்த சட்டப்படி 1813 ஜனவரி 1 முதல் அச்சிட்ட படிவம், பக்கத்துக்கு எட்டுக் கட்டம். பெற்றோர் பெயர், குடியிருக்கும் இடம், தகப்பன் தொழில் மூன்றும் இருக்கும். 1820 முதல் 1832 வரை இம்பர் ஏட்டில் அந்தக் குடும்பப் பெயரில் வரும் எல்லாக் குழந்தைகளையும் எழுதுங்கள். வில்லியத்தை மட்டும் எடுத்தால் போதாது.

அதே வருஷங்களுக்கு அடக்கப் பதிவேட்டையும் எடுங்கள். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

மூன்றாவது 1841 சென்சஸ். ஜூன் 6-ஆம் தேதி எடுத்தது. நான்காவது 1851, மார்ச் 30. வில்லியம் அப்போது மெட்ராஸில். ஆனால் பெற்றோர் ஊரில் இருந்தால் அவர்கள் பிறந்த ஊர் அதில் கிடைக்கும்.

எழும்பூர் எலி | மார்ச் 5, காலை 11.30

மெட்ராஸ் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் N/2 என்ற வரிசைதான் மெட்ராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல். 1698 முதல் இருக்கிறது. வங்காளம் N/1, பம்பாய் N/3. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி கோயில் ஏடு 1680-லிருந்தே உண்டு. வில்லியத்தின் திருமணப் பதிவை எடுத்து, தகப்பன் பெயர் கட்டம் இருந்தால் இம்பர் ஜேம்ஸோடு ஒத்துப் பாருங்கள். அடக்கப் பதிவில் வயது இருக்கும். அதுவும் உதவும்.

படையைத் தேடும்போது பெயர் மாறிக்கொண்டே இருக்கும், குழம்பாதீர்கள். கம்பெனி போனபிறகு இந்தப் பிரிவு ராணியின் படையில் 102-ஆம் காலாட்படை ஆனது. 1881-ல் ராயல் டப்ளின் பியூஸிலியர்ஸ். வில்ட்ஷர் உழவன் ஒருவன் டப்ளின் பக்கம் கூடப் போகாமலே டப்ளின்காரன் ஆகிவிடுவான். 1860-க்கு முன்பே விலகியிருந்தால் கம்பெனி ஆவணங்கள் அதே பிரிட்டிஷ் லைப்ரரியில். பிறகும் ராணிக்குச் சேவகம் செய்திருந்தால் ஓய்வூதியத் தாள் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 97 வரிசையில்.

இன்னொன்று. 1859-ல் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்கள், எங்களைக் கேட்காமல் ராணிக்கு எப்படிக் கைமாற்றினீர்கள் என்று தகராறு செய்தார்கள். பிடிக்காதவன் போகலாம் என்று சொன்னதும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிவிட்டார்கள். ஆகவே 1860-க்குப் பிறகு ஒருவர் இந்தியாவில் காணாமல் போனால் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். 1861 சென்சஸில் ஊரில் உட்கார்ந்திருக்கலாம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 9, இரவு 8.22

கிடைத்தது: ஜேம்ஸ், ஆன் தம்பதிக்கு இரண்டு வில்லியம். ஒருவர் 1826 நவம்பர் ஞானஸ்நானம், மற்றவர் 1829 மார்ச். இரண்டிலும் தகப்பன் தொழில் கூலி. இணைய மரம் 1826-ஐ எடுத்திருக்கிறது. 1846-ல் 19 வயது என்பதற்கு அது பொருந்துகிறது.

பேரிஷ் பெட்டி | மார்ச் 9, இரவு 8.40

அடக்கம் பார்த்தீர்களா?

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 9, இரவு 11.58

1828 ஜனவரி. வில்லியம் ஹிஸ்காக், இம்பர், வயது 14 மாதம்.

எழும்பூர் எலி | மார்ச் 10, காலை 7.02

ஏழு மரத்திலும் 14 மாதக் குழந்தை பட்டாளத்தில் சேர்ந்து, மெட்ராஸுக்குக் கப்பலேறி, பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்திருக்கிறது.

பேரிஷ் பெட்டி | மார்ச் 10, காலை 7.45

செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே சர்வ சாதாரணம். ஒரே தம்பதிக்கு ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதல் குழந்தைக்கு அடக்கம் தேடாமல் அடுத்த படி வைக்கக் கூடாது. 1813-க்கு முந்திய அடக்கப் பதிவில் பெரும்பாலும் வயது இருக்காது. "ஜேம்ஸின் மகன் வில்லியம்" என்றிருந்தால் குழந்தை, வெறும் "வில்லியம்" என்றிருந்தால் பெரியவர் என்று அனுமானிக்கலாம். அனுமானம் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்.

ஆக நம்மவர் 1829-காரர். சேரும்போது வயது 17. கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆள் எடுப்பவனும் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வில்ட்ஷர் உழவுக் கூலி வாரம் 7, 8 ஷில்லிங் ஓடிய காலம் அது. இங்கிலாந்திலேயே அடிமட்டம். 1830 நவம்பரில் கதிரடிக்கும் எந்திரங்களை உடைத்த கலவரம் அந்த மாவட்டத்தில்தான் உச்சத்துக்குப் போனது. குளிர்காலம் முழுக்க தடியால் கதிரடித்துக் கிடைத்த கூலியை எந்திரம் பிடுங்கிக்கொண்டது என்பதுதான் அடிப்படை. அதன்பின் வந்த தலைமுறை வில்லியம்.

உறுதிப்படுத்த 1841. அதில் வில்லியத்துக்கு 12 என்று இருக்க வேண்டும்.

சமவெளிச் சுப்பர் | மார்ச் 10, மாலை 6.15

1841-ஐப் பார்க்க முதல் ரெண்டு விசயம் விளங்கிக்கொள்ளுங்கோ. பதினைஞ்சு வயசுக்குக் கீழ எண்டா வயசு சரியா எழுதினவை. அதுக்கு மேல எண்டா ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினவை. 44 வயசுக்காரன் 40. 39 வயசுக்காரி 35. இதைத் தெரியாமல் கழிச்சுப் பார்த்துப் பிறந்த வருசம் பிழைச்சுப் போற ஆக்கள் கனபேர். சில கணக்கெடுப்பாளர் சட்டத்தை வாசிக்காம உள்ளபடி எழுதினதும் இருக்கு. பக்கம் முழுக்க 0, 5 இல தான் முடியுதோ எண்டு பாருங்கோ, விளங்கும்.

மற்றது, உறவு முறை எழுதேல்ல. ஒரு வீட்டில 40 வயசு ஆம்பிளை, 35 வயசுப் பொம்பிளை, கீழ பிள்ளையள் எண்டா அது புருசன் பெண்சாதிதான் எண்டு நினைக்கக் கூடாது. அண்ணனும் விதவைத் தங்கச்சியும் அவளின்ர பிள்ளையளுமா இருக்கலாம். பிறந்த இடமும் இந்தக் கவுண்டியோ (மாவட்டமோ) இல்லையோ எண்டு மட்டும். பென்சிலால எழுதினது, மங்கிப் போயிருக்கும். பெயருக்கு முன்னால ஒற்றைச் சாய்கோடு எண்டா அதே கட்டிடத்தில அடுத்த குடும்பம், ரெட்டைக் கோடு எண்டா அடுத்த கட்டிடம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 12, இரவு 9.30

1841: ஜேம்ஸ் 40, ஆன் 35, வில்லியம் 12, ஜேன் 9, ஜார்ஜ் 4, மேரி 2. எல்லோரும் வில்ட்ஷர்.

1851: ஜேம்ஸ் 51, ஆன் 48, ஜார்ஜ், மேரி. ஜேம்ஸ் பிறந்த ஊர் டில்ஷெட் என்று இருக்கிறது. ஆன் சிட்டர்ன்.

1861: ஜேம்ஸ் 61, பிறந்த ஊர் இம்பர்.

எதை எடுப்பது? மரத்தில் ஜேம்ஸ் 1801-ல் இம்பரில் பிறந்து ராபர்ட்டுக்கு மகன்.

பேரிஷ் பெட்டி | மார்ச் 13, காலை 6.35

1851.

காரணம் சொல்கிறேன். 1841 முதல் 1901 வரை நாம் பார்ப்பது கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பெயர்த்து எழுதியது. வீட்டில் கொடுத்த தாள் இல்லை. வீட்டுக்காரர் கையெழுத்திலேயே கிடைப்பது 1911 முதல். பெயர்த்து எழுதுபவர் கை தன்னால் "மேற்படி, மேற்படி" என்று இறங்கும். 1861 பக்கத்தைத் திறந்து, அந்த வீட்டில் எல்லோருக்கும் இம்பர் என்றோ, இம்பருக்குக் கீழே மேற்படி என்றோ இருக்கிறதா பாருங்கள். ஆனுக்கும் இம்பர் என்று விழுந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சாட்சியம் போச்சு. பக்கத்துச் சிறிய ஊரின் பெயரை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். வீட்டில் ஒருவர் சொல்லித்தான் டில்ஷெட் வந்திருக்கும்.

அந்த 1801 இம்பர் ஜேம்ஸ் என்ன ஆனார் என்று தேடுங்கள். அடக்கமோ, வேறு ஊரில் வேறு மனைவியோடு சென்சஸோ கிடைத்தால் அவரைக் கழற்றிவிடலாம். நம்மவரை நிரூபிப்பதை விட மற்றவரை விலக்குவது பல சமயம் சுலபம்.

எழும்பூர் எலி | மார்ச் 13, காலை 10.10

1851-லிருந்து வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் வருகிறதே, அதில் ஒரு கண்ணி. "சன் இன் லா" என்று இருந்தால் மருமகன் என்று படித்துவிடாதீர்கள். எட்டு வயதுப் பையனுக்கும் அப்படி எழுதியிருப்பார்கள். மனைவிக்கு முந்திய கணவர் மூலம் பிறந்த பிள்ளை என்று அர்த்தம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 13, இரவு 7.48

1861-ல் ஆனுக்கும் இம்பர்தான். எல்லோருக்கும் மேற்படி.

ஆனின் பிறந்த வீட்டுப் பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லியத்தின் ஞானஸ்நானத்தில் ஆன் என்று மட்டும்தான்.

பேரிஷ் பெட்டி | மார்ச் 14, காலை 6.20

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, செலவும் இல்லை. அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. வில்லியம் அதற்கு முன். ஆனால் தங்கை மேரி 1841-ல் 2 வயது, அதாவது 1838, 39 வாக்கில் பிறந்தவள். ஜிஆர்ஓ என்ற பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் சேர்த்திருக்கிறார்கள். பழைய அச்சு அட்டவணையிலும் அதைப் பெயர்த்த தளங்களிலும் அது 1911-க்குப் பிறகுதான். ஆகவே ஜிஆர்ஓ தளத்திலேயே கணக்குத் திறந்து, பெண், ஹிஸ்காக், வார்மின்ஸ்டர் பதிவு மாவட்டம், 1839, இரண்டு வருஷம் முன்பின் என்று போடுங்கள். தேடக் காசில்லை, சான்றிதழ் வாங்கத்தான்.

காலாண்டு என்பது பதிவு செய்த காலாண்டு. ஜூன் காலாண்டு என்றால் ஏப்ரல், மே, ஜூனில் பதிவு. 42 நாள் அவகாசம் இருந்ததால் பிறப்பு மார்ச்சிலோ பிப்ரவரி கடைசியிலோ இருக்கலாம். தாய் பெயர் கட்டத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. ஹிஸ்காக்ஸ், ஹிட்ச்காக் என்றும் போட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இது. முதல் ஹகரம் விழுங்கப்பட்டு இஸ்காக் ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

சமவெளிச் சுப்பர் | மார்ச் 14, மாலை 5.55

மேரி அகப்படாட்டி இல்லை எண்டு முடிவு கட்டாதேங்கோ. 1875 வரைக்கும் பிறப்பைத் தேடிப் பதியிறது பதிவாளரின்ர பாடு. தாய் தகப்பனுக்குத் தண்டம் எண்டு வந்தது அதுக்குப் பிறகுதான். முதல் வருசங்களில ஞானஸ்நானம் குடுத்தாப் போதும் எண்டு விட்டவை கனபேர்.

இன்னொண்டு: இம்பரில பாப்டிஸ்ட் சபைக்கூடமும் இருந்தது. பாப்டிஸ்ட் ஆக்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டினம். ஒரு குடும்பத்தில நாலு பிள்ளை ஏட்டில இருந்து அஞ்சாவதிலயிருந்து காணேல்ல எண்டா, சபை மாறிட்டினமோ எண்டு யோசியுங்கோ. 1837-க்கு முந்தின சபைப் பதிவுகளில கனக்க அரசாங்கம் வாங்கி வைச்சது. கியூவில ஆர்ஜி 4 வரிசை.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 16, இரவு 10.05

மேரி, வார்மின்ஸ்டர், 1839 ஜூன் காலாண்டு, தாய் பியர்ஸ். ஆனால் இம்பரில் ஜேம்ஸ் - ஆன் பியர்ஸ் திருமணம் இல்லை.

பேரிஷ் பெட்டி | மார்ச் 17, காலை 6.40

இருக்காது. கல்யாணம் பெண் வீட்டு ஊரில். சிட்டர்ன் பாருங்கள். எச்சரிக்கை: சிட்டர்னில் அந்தக் காலத்தில் இரண்டு பங்கு, ஆல் செயின்ட்ஸ், செயின்ட் மேரி என்று இரண்டு கோயில், இரண்டு ஏடு. ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நமக்குப் புதிதல்லவே.

1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு, மணமக்கள் கையெழுத்து, சாட்சிகள். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார். சாட்சிகளை விடாதீர்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே பெயர் சாட்சியாக வந்தால் அவர் கோயில் ஊழியர், தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு கல்யாணத்தில் மட்டும் வருபவர் அண்ணனோ மச்சானோ. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்ததற்குத் தனிப் பதிவும் இருக்கலாம். மணமகன் வேறு ஊர் என்றால் அந்த ஊரிலும் வாசித்திருப்பார்கள், ஏட்டில் அந்த ஊர் பெயர் வரும். ஒரு பங்கைச் சேர்ந்தவர் என்று எழுதியிருப்பதால் அங்கே பிறந்தவர் என்று ஆகாது. சில வாரம் தங்கியிருந்தாலே அப்படி எழுதுவார்கள்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 19, இரவு 9.12

சிட்டர்ன் செயின்ட் மேரி, 1822. ஜேம்ஸ் இம்பர் பங்கு, ஆன் இந்தப் பங்கு. இருவரும் பெருக்கல் குறி. இரண்டாம் சாட்சி தாமஸ் ஹிஸ்காக், அவரும் பெருக்கல் குறி. இந்த ஏட்டில் அந்தப் பெயர் வேறெங்கும் சாட்சியாக இல்லை.

மரத்தில் இருந்த 1801 ஜேம்ஸ் 1851-ல் பிராட்டனில் மேய்ப்பராக இருக்கிறார். அவர் பிறந்த ஊர் இம்பர், மனைவி சாரா.

எழும்பூர் எலி | மார்ச் 19, இரவு 9.20

நார்மண்டி வீரன் குதிரையை விட்டு இறங்கிவிட்டார். இனி அவர் பிராட்டன் மேய்ப்பருக்குச் சொந்தம், அதுவும் சந்தேகம்.

பேரிஷ் பெட்டி | மார்ச் 20, காலை 7.00

இப்போது டில்ஷெட்டில் 1798 முதல் 1801 வரை. 1813-க்கு முந்திய ஏடு என்பதால் ஒரே வரிதான் இருக்கும். மூல ஏட்டோடு ஆயர் பிரதியையும் பாருங்கள். வருஷா வருஷம் பங்கின் பதிவுகளைப் படியெடுத்து மறைமாவட்டத்துக்கு அனுப்புவார்கள். சாலிஸ்பரி மறைமாவட்டப் பிரதிகளும் சிப்பனமில்தான். ஏட்டில் எலி அரித்த வரி பிரதியில் முழுசாக இருக்கும். பிரதியில் விட்டது ஏட்டில் இருக்கும்.

அட்டவணையை மட்டும் நம்பாமல் படத்தைப் பாருங்கள். ஜே, என், ஓ என்று மூன்றெழுத்து இருந்தால் ஜான். ஜே, ஏ, எஸ் என்றால் ஜேம்ஸ். அட்டவணை போட்டவர் இரண்டையும் குழப்பியிருப்பார். இரட்டை எஸ் வந்தால் முதலாவது எஃப் மாதிரி நீண்டிருக்கும். ஜெஸ்ஸி என்ற ஆண் பெயர் ஜெஃப்சி ஆகிவிடும்.

இன்னும் மேலே போகும்போது தேதி சிக்கல் வரும். 1752-க்கு முன் வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். 1723 டிசம்பருக்கு அடுத்த மாதமும் 1723 ஜனவரிதான். இப்போது அதை 1723/4 என்று எழுதுவார்கள். இதைக் கவனிக்காவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும். 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14.

எழும்பூர் எலி | மார்ச் 20, மதியம் 12.45

ஏட்டு ஓரத்தில் பி என்று ஒற்றை எழுத்து நிற்கும், அதைப் பார்த்துப் பிரபு என்று மைத்துனிக்குச் சொல்லிவிடாதீர்கள். பாப்பர், ஓட்டாண்டி என்று அர்த்தம். 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி. ஓட்டாண்டிக்கு விலக்கு. பாதிரியார் இரக்கப்பட்டுப் பாதி ஊரை ஓட்டாண்டி ஆக்கிய இடங்களும் உண்டு. வரி தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் அண்ணன், தம்பி, தங்கை என்று வரிசையாகக் கூட்டி வந்து ஞானஸ்நானம் வாங்கியிருப்பார்கள். மூவரும் ஒரே நாளில் வந்தால் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவர் என்று நினைக்க வேண்டாம்.

1660, 70-களில் அடக்கத்துக்குக் கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும் என்று சட்டம். ஆட்டுக்காரர்களைக் காப்பாற்ற. மீறினால் 5 பவுண்டு அபராதம். வசதிப்பட்டவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனில் போனார்கள்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 24, இரவு 8.50

டில்ஷெட், 1799 டிசம்பர், ஜேம்ஸ், தாமஸ் - எலிசபெத் மகன். அதே தம்பதிக்கு 1797-ல் தாமஸ் என்று ஒரு மகன். சாட்சி தாமஸ் அவராக இருக்கலாம். ஆனால் இந்தத் தகப்பன் தாமஸுக்குப் பொருந்துகிற தாமஸ்கள் டில்ஷெட்டிலேயே இரண்டு பேர், 1768, 1771. இருவருக்கும் வேறு வேறு பெற்றோர். குழந்தை அடக்கம் இரண்டுக்கும் இல்லை. எப்படிப் பிரிப்பது?

பேரிஷ் பெட்டி | மார்ச் 25, காலை 6.30

ஞானஸ்நான ஏடு இதற்கு மேல் உதவாது. இங்கேதான் ஏழைச் சட்டத் தாள்கள்.

1662 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குதான் பொறுப்பு. வேறு ஊரில் போய்ப் பிச்சைக்கு நின்றால் இரண்டு நீதிபதிகள் முன் விசாரித்து, உன் சொந்தப் பங்கு எது என்று தீர்மானித்து, அங்கே துரத்திவிடுவார்கள். அந்த விசாரணைத் தாள் கிடைத்தால் பொக்கிஷம். எங்கே பிறந்தேன், தகப்பன் எந்த ஊர், எந்தப் பண்ணையில் எத்தனை வருஷம் என்ன கூலிக்கு இருந்தேன், எங்கே கல்யாணம் கட்டினேன், பிள்ளைகள் வயது என்ன என்று ஒரு கூலியின் முழு ஜாதகம். கல்யாணமாகாதவர் ஒரு பண்ணையில் முழு வருஷம் வேலை செய்தால் அந்தப் பங்கின் உரிமை வரும். அதைத் தடுக்க 51 வாரத்துக்குக் கூலி பேசிய பண்ணையார்கள் உண்டு. 1834 சட்டம் அந்த வழியை மூடியது.

ஜேம்ஸ் டில்ஷெட்டிலிருந்து இம்பர் வந்து 1822-ல் கல்யாணம் கட்டுவதற்கு முன் அப்படி ஒரு வருஷம் வேலை செய்திருக்கலாம், அல்லது டில்ஷெட் கொடுத்த உரிமைச் சான்று இருக்கலாம். இரு பங்குகளின் ஏழைநிதிக் கணக்கு, விசாரணை, வெளியேற்ற உத்தரவு என்று சிப்பனம் பட்டியலில் தேடுங்கள். எல்லாப் பங்குக்கும் மிஞ்சவில்லை.

அடுத்து உயில். கூலிக்கு உயில் இருக்காது, ஆனால் குழந்தையில்லாத பெரியப்பா ஒரு தச்சராகவோ கொல்லராகவோ இருந்தால் "என் தம்பி இன்னாரின் மகன் தாமஸுக்கு 5 பவுண்டு" என்று எழுதியிருப்பார். ஒரே வரியில் இரண்டு தாமஸும் பிரிந்துவிடுவார்கள். 1858-க்கு முன் உயில் திருச்சபை நீதிமன்றத்தில். சாலிஸ்பரி மறைமாவட்ட உயில்களும் அங்கேயே.

சமவெளிச் சுப்பர் | மார்ச் 25, மாலை 6.40

பேரிஷ் பெட்டி ஐயா டைத் வரைபடத்தை விட்டிட்டார். 1836 சட்டத்துக்குப் பிறகு, விளைச்சலில கோயிலுக்குக் குடுக்கிற பத்தில ஒரு பங்கைக் (டைத்) காசாக்கிறதுக்காகக் கீறின வரைபடங்கள், இங்கிலாந்து வேல்ஸில முக்கால்வாசிக்கு இருக்கு. நிலக்காரர், குடியிருக்கிறவர், வயலின்ர பேர், ஏக்கர் - ரூட் - பெர்ச் கணக்கு எல்லாம் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்.

பேரிஷ் பெட்டி | மார்ச் 25, இரவு 9.15

விட்டது வேண்டுமென்றேதான் சுப்பரே. கூலிக் குடிசைகள் பண்ணையார் பெயரில் "குடிசைகளும் தோட்டமும்" என்று ஒரே எண்ணில் அடங்கிவிடும். ஜேம்ஸ் பெயர் அதில் வர வாய்ப்புக் குறைவு. 1841-ல் பக்கத்து வீட்டுப் பண்ணையார் யார் என்று பார்த்து, அவருடைய எண்ணைத் தேடினால் எந்தச் சந்தில் இருந்தார்கள் என்று ஓரளவு தெரியும். அவ்வளவுதான் பயன்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | மார்ச் 27, இரவு 10.30

மைத்துனி ஆகஸ்டில் லண்டன் போகிறார். இம்பருக்குப் போக வேண்டுமாம். கல்லறைக் கல் கிடைக்குமா?

சமவெளிச் சுப்பர் | மார்ச் 28, காலை 9.00

வருசத்தில சில நாள் மட்டும்தான் விடுறவை. ஆகஸ்டில ஒரு நாள் வார்மின்ஸ்டரிலயிருந்து பழைய ரெட்டைத்தட்டு பஸ் ஓடும். 2009 தொடக்கம் நடக்குது. திகதியை முதலே பார்த்துக்கொள்ளுங்கோ. றோட்டை விட்டு இறங்கக் கூடாது, வெடிக்காத குண்டு கிடக்கும். வீடுகள் எண்டு நிக்கிறதில கனக்கப் பயிற்சிக்கெண்டு ராணுவம் கட்டின வெறும் சுவர்.

கல்லைப் பொறுத்தவரை, கூலிக் குடும்பத்துக்குக் கல் வைக்கிற காசு இருந்திராது. மரப்பலகை வைச்சிருந்தாலும் உக்கிப் போயிருக்கும். வில்ட்ஷர் குடும்ப வரலாற்றுச் சங்கம் கல்லெழுத்துகளைப் படியெடுத்து வெளியிட்டிருக்கு, அதைப் பார்த்திட்டுப் போகச் சொல்லுங்கோ.

பேரிஷ் பெட்டி | மார்ச் 28, காலை 9.40

எந்த ஊரில் கல் கிடைத்தாலும் கம்பித் தூரிகை, பிளீச், சுண்ணக்கட்டி, ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். பாசியைச் சுரண்டினால் எழுத்தும் கூடவே வரும். சுண்ணக்கல் அவ்வளவு மெத்து. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். நேரம் கிடைக்காவிட்டால் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக அடிக்கலாம்.

மைத்துனிக்கு ஒரு நாள்தான் உபரி என்றால் சிப்பனமுக்கு அனுப்புங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோகட்டும், பேனா உள்ளே விட மாட்டார்கள். பார்க்க வேண்டியது டில்ஷெட்டின் 1790 முதல் 1834 வரையான ஏழைநிதித் தாள்கள், இம்பருக்கும் அதே. ஆவண எண்ணை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் போனவுடன் மேசைக்கு வந்துவிடும்.